ஆல்பிரெட் நோபெல் எழுதி வைத்த உயில்

தந்தை உயிரோடிருக்குங்காறும் ஒரே அடுப்பில் உலையேற்றி, ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்த உடன்பிறந்தார், அவர் கண்மூடிக் கருமாதி முடிந்த மறுநாளே வெவ்வேறு வழக்கறிஞர் வாயிலில் நிற்பதை நாம் நம் குடும்பங்களிலேயே கண்டிருக்கின்றோம். சங்கத்தின் மத்தியஸ்தத்திற்கு வரும் வழக்குக்களில் பெரும்பாலன பாகப் பிரிவினை பற்றியனவே என்பதை நிருவாகிகள் அறிவர். இத்துயரம் நமக்கே உரியதன்று. பெருஞ்செல்வர்க்கும், கலைவல்லார்க்கும், வேற்று நாட்டார்க்கும் இது பொதுவாம். ஆதலின், உலகறிந்த ஒருவர் தம் செல்வத்தை எவ்வாறு ஈட்டினார், அதற்கு எவ்வாறு ஏற்பாடு செய்தார், அவ்வேற்பாட்டினால் விளைந்த இன்னல்கள் யாவை என்பவற்றை ஈண்டு எழுதப் புகுந்தேம்.

நோபெல் பரிசு என்னும் பெயரைக் கேளாதார் நம்முள் இலர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள் 1930ஆம் ஆண்டிலும், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்கள் 1983ஆம் ஆண்டிலும், சிதம்பரத்திற் பிறந்த வேங்கடராமன் இராமகிருஷ்ணன் அவர்கள் 2009ஆம் ஆண்டிலும் அப்பரிசினைப் பெற்றுத் தமிழ்நாட்டிற்குப் பெருமை தேடித் தந்தனர். அப்பரிசு ஓர் உயிலினின்றும் பிறந்ததென்பதைப் பலர் அறிவர். அவ்வுயில் செல்லாதென்று தள்ளுண்டு போகும் நிலையில் ஓராண்டுக்கு மேலாக ஊசலாடிக் கொண்டிருந்தது என்பதை அறிந்தார் சிலரே.

ஆல்பிரெட் நோபெல் என்பார் சுவீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1833ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இம்மானுவேல் நோபெல். கட்டடம் கட்டுதலிலும் இயந்திரம் இயற்றுதலிலும் வல்லவர். ஆனால் கையிற் பொருள் தங்கப் பெறாதவர். மகன் பிறந்த அவ்வாண்டே தந்தை கடன்பட்டு நொடித்துப் போனார். நான்காண்டுகள் கழித்து அவர் பிழைப்பு நாடி முதலிற் பின்லாந்திற்கும் பின்னர் ருஷ்ய தேசத்திற்கும் சென்றார். தாயார் ஆண்ட்ரியெட் அம்மையார் சிறு கடையொன்று வைத்து மக்களைக் காப்பாற்றினார். 1842ஆம் ஆண்டில் குடும்பம் முழுவதும் ருஷ்யத் தலைநகராயிருந்த பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்று கூடிற்று. அங்கே தந்தையார் கடலில் மிதக்கும் வெடிகளைச் செய்து ருஷ்யக் கடற்படைக்கு விற்றுச் செல்வரானார். கிரிமியப் போர் 1856ஆம் ஆண்டில் முடிந்ததும் அரசாங்கத்தார் வாங்குதலை நிறுத்தினர். மீண்டும் நொடிப்பு. ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் இருமுறை வீழ்ந்ததைக் கண்டு வளர்ந்த மகன் கணக்கு வழக்கில் மிக்க கருத்துடையவனாதல் இயல்பே.

செல்வம் இருந்த காலத்துத் தந்தையார் மக்களுக்கு வீட்டிலேயே நல்லாசிரியர்களை அமர்த்திக் கல்வி கற்பித்தார். ஆல்பிரெட், பதினேழு வயதிற்குள் சுவீடிஷ், ருஷ்யம், பிரஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என ஐந்து மொழிகளில் எழுதவும் பேசவும் வல்லவரானார். இரசாயன நூலே அவர்தம் தொழிலாயினும் ஆங்கிலப் பாக்களில் அவர்க்கிருந்த பற்று இறுதிவரை குன்றவில்லை. தாமும் செய்யுள் இயற்றினார்.

அக்காலத்தில் நைட்ரோகிளிசெரின் என்னும் எண்ணெய் போன்ற பொருளொன்று புதிதாகக் கண்டறியப்பட்டிருந்தது. அதன் ஆற்றல் பெரிது; அடக்குதலோ அரிது. சிறிது அசைந்தாலும் வெடித்துக் கொன்றுவிடும். அதனை மலை பிளப்பதற்கும் சுரங்கம் அகழ்வதற்கும் பயன்படுத்தும் வழியை ஆல்பிரெட் ஆராயலானார். 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்டாக்ஹோமின் ஒரு பகுதியாகிய ஹெலெனபோர்க்கில் இருந்த அவர்தம் தொழிற்கொட்டகை வெடித்துச் சிதறியது. இறந்தோர் பலருள் இருபது வயதினனாகிய கடைசித் தம்பி எமில் ஒருவன். தந்தையார் பின்னர்ப் பக்கவாதத்தில் வீழ்ந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1872ஆம் ஆண்டில், அதே செப்டம்பர் 3ஆம் நாளில் உயிர் நீத்தார். ஆல்பிரெட்டோ முயற்சியைக் கைவிட்டாரல்லர். நகருக்குள் அத்தொழில் செய்யலாகாதென்று தடை விதிக்கப்படவே, ஏரியின் நடுவே ஒரு தட்டைப் படகை நிறுத்தி அதில் தொழிலை நடத்தினார். 1867ஆம் ஆண்டில் அந்த எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்துக் கட்டியாக்கி, டைனமைட் எனப் பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பொருள் மழையெனப் பொழிந்தது. அவர் பெற்ற காப்புரிமைகள் 355. அவருடைய தொழிற்சாலைகள் ஏறத்தாழ 20 நாடுகளில் 90 வரை இருந்தன.

மலையைப் பிளந்த அப்பொருள் மனிதரையும் பிளந்தது என்பது உண்மை. பிற்காலத்தில் போருக்கெனவே புகையற்ற வெடிமருந்தொன்றையும் அவர் இயற்றினார். இதனை மறைத்து அவரை வெறும் அருளாளராகக் காட்டுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று.

அவர் மணம் புரிந்திலர். 1873 முதல் பாரிஸ் மாநகரிலும், 1891 முதல் இத்தாலியக் கடற்கரையிலுள்ள சான்ரெமோவிலும் பெரிய மாளிகைகளில் தனியராக வாழ்ந்தார். எந்நாடும் அவர்க்கு ஊரில்லை என்று சொல்லுமளவிற்கு இரயில்வண்டியிலேயே அவர் காலம் கழிந்தது. அன்னையார் ஒருவரே அவர்க்கு உற்றார். எங்கிருப்பினும் அன்னையாரின் பிறந்தநாளைக்கு ஸ்டாக்ஹோம் சென்று வணங்கி வருவார். 1889ஆம் ஆண்டில் அவ்வம்மையார் மறைந்த பின்னர், தமக்கு வந்த தாய்வழிச் சொத்தைத் தாம் வைத்துக் கொள்ளாமல், அன்னையார் பெயரால் ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா மருத்துவக் கழகத்திற்கு 50,000 குரோனர் நிதியாக அளித்தார். பின்னாளில் அவர் செய்த பெருங்கொடைக்கு இதுவே வித்தென்று கொள்ளலாம்.

1888ஆம் ஆண்டில் அவர் தமையனார் லுட்விக் இறந்தபோது, பிரஞ்சுப் பத்திரிகையொன்று தவறாக ஆல்பிரெட்டே இறந்தாரென்று கருதி இகழ்ச்சியாக எழுதியதென்றும், அதனைக் கண்டு மனம் நொந்தே உயில் எழுதினாரென்றும் பலர் கூறுவர். கேட்பதற்கு இனிய கதையே. ஆனால் அவர்தம் கடிதங்களில் அங்ஙனம் ஒரு காரணம் சொல்லப்படவில்லை. தாய், தமையன், தம்பி ஆகியோரை இழந்து, மக்களும் இன்றி, இருதய நோயும் உற்ற ஒருவர் தம் பொருளின் பின்னிலையை எண்ணுதற்குப் பத்திரிகைச் செய்தியொன்று வேண்டுவதில்லை. அவர்க்குச் சில நாட்களே செயலாளராயிருந்து பின்னர் போரொழிப்பு இயக்கத்தில் புகழ் பெற்ற பெர்த்தா வான் சுட்னர் அம்மையாரின் கடிதங்கள் அவருள்ளத்தை அமைதி நெறியிற் செலுத்தின என்பது தெளிவு. அவ்வம்மையாரே 1905ஆம் ஆண்டில் அமைதிப் பரிசு பெற்றார்.

இனி உயிலைப் பற்றிக் கூறுவாம். நோபெல் ஒன்றல்ல, மூன்று உயில்கள் எழுதினார். முதலாவது 1889ஆம் ஆண்டினது. 1893ஆம் ஆண்டில் இரண்டாவது எழுதினார். அதில் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு உறவினர்க்கும் நண்பர்க்கும் சேருமாறு வைத்திருந்தார். அதனை நீக்கி, 1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாரிஸிலிருந்த சுவீடன் நார்வே நாட்டார் சங்கத்தில், தம் கைப்படச் சுவீடிஷ் மொழியில் எழுதிய மூன்றாவது உயிலில் நான்கு சாட்சிகள் முன்னிலையிற் கையொப்பமிட்டார். வழக்கறிஞர் ஒருவரையும் கலந்தாரில்லை. வழக்கறிஞர்பால் அவர்க்குப் பெருவெறுப்பு; காப்புரிமை வழக்குக்களில் அவர்களால் அடைந்த பொருளிழப்பே காரணம். பின்னர் அதனை ஸ்டாக்ஹோமிலுள்ள வங்கியொன்றில் வைத்துவிட்டார்.

அவ்வுயில் மிகச் சுருங்கியது. முற்பகுதியில் தனியாட்களுக்குரிய கொடைகள். தமையனார் இராபர்ட்டின் மைந்தர் யால்மார், லுட்விக் என்னும் இருவர்க்கும் தனித்தனி 2 இலட்சம் குரோனர். இராபர்ட்டின் மகளிர் இருவர்க்கும் தனித்தனி 1 இலட்சம். மறைந்த தமையனார் லுட்விக்கின் மூத்த மகன் எம்மானுவேலுக்கு 3 இலட்சம். அவர் தங்கை மீனாவுக்கு 1 இலட்சம். ஆக உறவினர்க்கு 10 இலட்சம். லுட்விக்கின் ஏனைய பிள்ளைகள் பலரின் பெயர் அதில் இல்லை. பழைய நண்பர் சிலர்க்கும், பாரிஸ் வீட்டுப் பணியாளர்க்கும் ஆண்டுத் தொகை குறித்திருந்தார். முன்னொரு காலத்துத் தம்மிடம் வேலை செய்த தோட்டக்காரரையும் மறந்திலர். அவர்க்கு ஆண்டுக்கு 300 பிராங்கு. எளியாரை நினைந்து எழுதிய இவ்வரிகள் நம் கண்களில் நீரை வருவிப்பன. எச்சம் முழுவதையும் விற்றுப் பணமாக்கி, பாதுகாப்பான பத்திரங்களில் இட்டு, அதன் வட்டியை ஐந்து சமபாகமாக்கி, முந்தைய ஆண்டில் மனித குலத்திற்குப் பெரும்பயன் விளைத்தார்க்குப் பரிசாக அளித்தல் வேண்டும் என்பது பிற்பகுதி. பௌதிகம், இரசாயனம், மருத்துவம், இலக்கியம், நாடுகளின் நட்புறவு ஆகியன அவ்வைந்து துறைகள். முதல் இரண்டும் சுவீடன் அறிவியற் கழகத்தார் பொறுப்பு. மருத்துவம் கரோலின்ஸ்காவார் பொறுப்பு. இலக்கியம் ஸ்டாக்ஹோமிலுள்ள அக்காதெமியின் பொறுப்பு. அமைதிப் பரிசு மட்டும் நார்வே நாட்டுச் சட்டசபை தேர்ந்தெடுக்கும் ஐவர் பொறுப்பு. எந்நாட்டார் என்று நோக்கலாகாது. இறுதியில், தாம் இறந்தபின் இரத்தக்குழாயை அறுத்து, மரணம் உறுதியென மருத்துவர் கூறிய பின்னரே உடலைத் தகனம் செய்தல் வேண்டுமெனவும் எழுதியிருந்தார். உயிரோடு புதைத்து விடுவரோ என்னும் அச்சம் அவர்க்கு நெடுநாள் உண்டு.

கருத்தின் பெருமையிற் குறை காண்பார் இலர். குறை யாதெனின், பணத்திற்கு உடையவர் இன்னாரென்று அவ்வுயிலில் எங்கும் சொல்லப்படவில்லை. பரிசளிக்க ஒரு நிலையம் வேண்டும். அஃது அன்று இல்லை. அதனை ஏற்படுத்துமாறு தெளிவான கட்டளையும் இல்லை. பரிசளிக்க வேண்டிய கழகத்தார் ஒருவரையும் முன்னரே கேட்டு ஒப்புதல் பெற்றாரல்லர். அக்காதெமி என்றாரே, எந்த அக்காதெமி என்றாரல்லர். எல்லாவற்றினும் கொடிது, தமக்கு நிலையான இருப்பிடம் எந்நாடு என்பதைக் குறியாது விட்டதே. ஒன்பது வயதிற் சுவீடனை விட்டவர், பாரிஸில் வீடு, சான்ரெமோவில் வீடு, 1894ஆம் ஆண்டில் சுவீடனில் போபோர்ஸ் என்னும் இரும்பாலையை வாங்கியபோது அதனையடுத்த பியோர்க்போர்னிலும் ஒரு வீடு. எந்நாட்டுச் சட்டம் செல்லும்? எந்நாட்டார்க்கு வரி? 355 காப்புரிமைகளின் விண்ணப்பங்களை ஒரு சொல்லும் வழுவாது எழுதிய கை, தன் வாழ்நாட் பொருள் முழுவதையும் பற்றிய ஓலையை இங்ஙனம் நெகிழவிட்டது வியப்பே.

இடையே நம் நாட்டு நிலையை ஒரு சொல்லாற் குறித்தல் தகும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுவோர் கையொப்பமிட, இரண்டு சாட்சிகளேனும் கையொப்பமிட்டால் உயில் அமையும். முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமல்ல. இஃது எளிதென்பதனாலேயே, யார் எதனைப் பெறுவர், யார் அதனை நிறைவேற்றுவர் என்னும் இரண்டையும் நம்மவர் பலர் தெளிவின்றி எழுதி விடுகின்றனர்.

1896ஆம் ஆண்டில் நோபெலின் இருதய நோய் முற்றியது. மருத்துவர் அவர்க்கு அளித்த மருந்து நைட்ரோகிளிசெரினே. தம்பியைக் கொன்ற பொருளே தமக்கு மருந்தாக வந்ததன் விந்தையை அவரும் உணர்ந்திருந்தார். டிசம்பர் மாதத்தில் சான்ரெமோவில் மூளையில் இரத்தம் கசிந்து வீழ்ந்தார். ஐந்து மொழி வல்லவர்க்கு மற்றவை மறந்து, பிள்ளைமையிற் பேசிய சுவீடிஷ் ஒன்றே நாவில் நின்றது. சூழ நின்ற பணியாளர்க்கோ அம்மொழி தெரியாது. தந்தி என்னும் பொருளுடைய ஒரு சொல்லை மட்டும் அவர்கள் அறிந்து கொண்டு உறவினர்க்குத் தந்தியடித்தனர். அண்ணன் மக்கள் வந்து சேருமுன்னரே, டிசம்பர் 10ஆம் நாள் உயிர் பிரிந்தது. கோடிகட்கு உடையவர் இறுதியாக யாது கூறினார் என்பதை அறிய அருகில் ஒருவரில்லை. சான்ரெமோவில் நிகழ்ந்த இரங்கற் கூட்டத்தில் வழிபாடு நடத்திய இளம்பாதிரியார் நாத்தான் சோதர்புளூம், 1930ஆம் ஆண்டில், நம் இராமனவர்கள் பௌதிகப் பரிசு பெற்ற அதே ஆண்டில், அமைதிப் பரிசு பெற்றார். அன்று சவப்பெட்டியருகே நின்ற அவர் அதனை எங்ஙனம் அறிவார்!

வங்கியிலிருந்த உயில் திறக்கப்பட்டது. அதனை நிறைவேற்றுவோராக இருவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. ஒருவர் ராக்னார் சோல்மான், நோபெலிடம் மூன்றாண்டுகள் வேலை பார்த்த இரசாயன வல்லுநர், வயது 26. மற்றவர் ருடால்ப் லில்யெக்விஸ்ட் என்னும் பொறியாளர். நோபெலைச் சில முறையே கண்டவர். இருவரும் முன்னர் இதனை அறியார், சட்டமும் அறியார். ஆனால் சோல்மான் நேர்மையுடையவர். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்பும் பண்பினர். உடனே கார்ல் லிந்த்ஹாகன் என்னும் சிறந்த வழக்கறிஞரைத் துணைக்கொண்டார். வழக்கறிஞரை வெறுத்தவர் எழுதிய உயில் வழக்கறிஞர் ஒருவராலேயே பிழைத்தது.

சொத்தைக் கணக்கிட்ட பொழுது மொத்தம் 3 கோடியே 32 இலட்சம் குரோனர்க்கு மேலாயிற்று. பிரான்சில் 73 இலட்சம், ஜெர்மனியில் 62 இலட்சம், சுவீடனில் 58 இலட்சம், ருஷ்யாவில் 52 இலட்சம், இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் தனித்தனி 39 இலட்சம், எஞ்சியவை இத்தாலி முதலிய நாடுகளில். நூற்றுக்கு மூன்று பங்களவே உறவினர்க்கென்பதை இதனால் அறியலாம்.

பிரஞ்சு நீதிமன்றம் நோபெலைத் தம் நாட்டுக் குடியெனக் கொண்டால் உயிலே தள்ளுண்ணலாம், வரியும் பெரிது. இதனை உணர்ந்த சோல்மான், உறவினர் தடையாணை பெறுமுன்னர்ப் பாரிஸ் வங்கிகளிலிருந்த பங்குப் பத்திரங்களையும் கடன் பத்திரங்களையும் எடுத்துப் பெட்டிகளில் நிறைத்து, சாதாரண வாடகைக் குதிரைவண்டியில் ஏற்றி, கையில் துப்பாக்கியோடு தாமே காவலாக அமர்ந்து, சுவீடன் துணைத் தூதரகத்திற்குக் கொண்டு சென்றார். அங்கே அவை கட்டப்பட்டு, முத்திரையிடப்பட்டு, காப்புறுதி செய்யப்பட்டு, வடக்கு இரயில் நிலையத்தின் வழியே இலண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் நாள்தோறும் சிறிது சிறிதாக அனுப்பப்பட்டன. இரசாயனம் கற்ற இளைஞரொருவர் கோடிக்கணக்கான பொருளின்மீது அமர்ந்து பாரிஸ் தெருக்களிற் செல்லும் காட்சியை மனத்தாற் காண்க. யால்மாரும் லுட்விக்கும் அவ்வமயம் பாரிஸிலேயே இருந்தனர்; பத்திரங்கள் நாட்டைவிட்டுப் போயின என்பதைப் பின்னரே அறிந்து சினந்தனர். பிரான்சில் எஞ்சியிருந்தவற்றையும் பிற நாடுகளிலிருந்தவற்றையும் தடுத்து வைக்க முயன்றனர். முடிவில் போபோர்ஸே அவர் இருப்பிடம் என்றும், அதனையடுத்த கார்ல்ஸ்கோகா என்னும் சிற்றூர் நீதிமன்றமே உயிலுக்கு உரியதென்றும் ஆயிற்று. ருஷ்யாவிலிருந்து வருவித்த உயர்ந்த குதிரைகளை நோபெல் பியோர்க்போர்னில் வைத்திருந்தது அதற்கு ஒரு சான்றாயிற்றென்பர்.

சுவீடன் பத்திரிகைகள் சீறின. நாட்டின் செல்வம் அயலார்க்குப் போவதா என்றார் ஒருசாரார். அக்காலத்தில் நார்வே, சுவீடனோடு ஓரரசின்கீழ் இணைந்திருந்தும் பிரிய விழைந்து நின்றது. அந்நாட்டார்க்கு அமைதிப் பரிசின் பொறுப்பைக் கொடுத்தது தேசத்துரோகம் என்றார் மற்றொரு சாரார். சமதருமக் கட்சித் தலைவராகிய யால்மார் பிரான்டிங் என்பாரும் நோபெலின் நோக்கம் பெரிதாயினும் செய்தது பிழையென எழுதினார். அவரே 1921ஆம் ஆண்டில் அமைதிப் பரிசினைப் பெற்றுக்கொண்டார். அறிவியற் கழகத்தாரோ உயில் உறுதிப்படும் வரையில் கலந்து பேசவும் இசைந்திலர். நார்வேச் சட்டசபை ஒன்றே 1897ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தன் பொறுப்பை ஏற்றது. அடுத்த மாதத்தில் சுவீடன் அரசாங்கத்தாரும் உயிலைச் சட்டப்படி உறுதி செய்யுமாறு தம் தலைமை வழக்கறிஞரைப் பணித்தனர்.

இதனிடையே வியன்னா நகரத்துப் பெண்ணொருத்தி, நோபெல் தனக்கு எழுதிய 218 கடிதங்களை வெளியிடப் போவதாக அச்சுறுத்தினாள். பதினெட்டாண்டுப் பழக்கம், உயிலிலும் அவளுக்கு ஆண்டுத் தொகை உண்டு. நிறைவேற்றுவோர் பொருள் கொடுத்து அக்கடிதங்களை வாங்கி மறைத்தனர். இதனை விரித்தெழுதுதல் இப்பத்திரிகைக்கு ஏலாது.

வழக்குத் தொடுத்த அண்ணன் மக்களைப் பேராசைக்காரர் எனப் பலர் எழுதியுள்ளனர். நாம் அங்ஙனம் கூறத் துணியேம். முன்னைய உயிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு உரியவராயிருந்தவர்கள். காரணம் ஒன்றும் சொல்லப்படாமலே நீக்கப்பட்டனர். சிற்றப்பனார் அவர்களை ஒருநாள் அழைத்து, அமரச் செய்து, தம் கருத்து இஃதென விளக்கியிருப்பாராயின் இவ்வளவு கசப்பு விளைந்திராது. வருவாயைவிட மதிப்புப் பெரிதென்பார் எல்லாக் குடியிலும் உளர். பெரும்பொருள் பிள்ளைகளைச் சோம்பராக்கும் என்பது நோபெலின் கொள்கை, கொள்கை தக்கதே. ஆயினும் அதனைக் காகிதத்தின் வாயிலாக, இறந்த பின்னர், கேள்வி கேட்க இயலாத நிலையில் அறிவித்தல் அன்புடைமையாகாது.

எல்லோரினும் மிக்க நட்டத்திற்கு இலக்கானவர் எம்மானுவேல். இறந்த லுட்விக்கின் மூத்த மகன். தம்பி தங்கையர்க்குத் தந்தை நிலையில் நின்றவர். பாக்கூவில் நோபெல் சகோதரர் நடத்திய மண்ணெண்ணெய்க் கம்பெனியின் தலைவர். சிற்றப்பனாரின் பங்குகள் அக்கம்பெனியில் மிகுதியாக இருந்தன. உயிலின்படி அவற்றை ஒருங்கே சந்தையில் விற்றால் கம்பெனியின் மதிப்பு வீழ்ந்து, குடும்பத் தொழிலே அழியும். ஆயினும் அவர் தொடக்கத்திலிருந்தே உயிலுக்கு மாறாக நிற்க விரும்பிலர். ருஷ்ய மொழியில் உயில் நிறைவேற்றுவோனைக் குறிக்குஞ் சொல்லுக்கு ஆன்மாவின் சார்பாளன் என்பது பொருளென்றும், அப்பொருளுக்கேற்ப நடக்குமாறும் சோல்மானுக்கு அவர் அறிவுறுத்தினார். தமக்கு எதிர்க்கட்சியிலிருந்த இளைஞனுக்கு இத்தகைய ஊக்கம் அளித்தவர் வேறு யாருளர்?

1898ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கார் எம்மானுவேலை அரண்மனைக்கு அழைத்தார். அமைதி பேசும் பித்தர்களாலும் பெண்டிராலும் சிற்றப்பனார் மயக்கப்பட்டாரென்றும், தம்பி தங்கையர் நலத்தைக் காப்பது அவர் கடனென்றும் மன்னர் வற்புறுத்தினார். தகுதியுடைய அறிஞர்க்குச் சேரவேண்டிய பொருளைக் கவர்ந்து கொண்டாரென்னும் பழி பிற்காலத்தில் தம் தம்பி தங்கையர்மேல் வருமாறு செய்யத் தாம் ஒருப்படேன் என்று எம்மானுவேல் வணக்கத்தோடும் உறுதியோடும் விடையிறுத்து மீண்டார். ருஷ்ய நாட்டில் மன்னர் முகத்தெதிரே இங்ஙனம் மறுத்தால் யாது நேருமென்பதை அறிந்த அவருடைய ருஷ்ய வழக்கறிஞர் நடுங்கி, உடனே ஊரைவிட்டுப் போய்விடலாமென்றாராம்.

எம்மானுவேல் இசைந்தபின் வழக்கு வலியிழந்தது. பாக்கூப் பங்குகளை அவர் பக்கத்தாரே உரிய விலைக்கு வாங்கிக் கொள்ள ஏற்பாடாயிற்று. இராபர்ட் குடும்பத்தார் 1898ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சமாதானம் செய்து கொண்டனர். சொத்தின் 1897ஆம் ஆண்டு வட்டி அவர்கட்குக் கொடுக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 12 இலட்சம் குரோனர். அதற்கீடாக உயிலை முழுதும் ஒப்புக்கொண்டு, இனி வழக்கிடுவதில்லையென எழுதிக் கொடுத்தனர். பரிசு சிறு சிறு தொகையாகச் சிதறாதிருக்கவும், ஐந்தாண்டிற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு துறையிலும் வழங்கப்படவும் விதிகளைக் கேட்டுப் பெற்றவர்களும் அவர்களே. எதிர்த்தவர் கேட்ட நிபந்தனையால் அறம் வலுப்பெற்றது குறிக்கத்தக்கது.

உயிலில் இல்லாத நிலையம் பின்னர்த் தோன்றியது. நோபெல் நிதியத்தின் விதிகளை 1900ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அதே ஆஸ்கார் மன்னர் வெளியிட்டார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், நோபெல் இறந்த ஐந்தாம் ஆண்டு நிறைவன்று, முதற் பரிசுகள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 1,50,782 குரோனர். எக்ஸ் கதிர்களைக் கண்ட ரோன்ட்கன் பௌதிகப் பரிசினையும், செஞ்சிலுவைச் சங்கத்திற்கு வித்திட்ட தூனான் மற்றொருவரோடு அமைதிப் பரிசினையும் பெற்றனர்.

பின்னும் ஓரிடர் நேர்ந்தது. பாதுகாப்பான பத்திரங்களில் என்று எழுதிய சொல்லை நிதியத்தார் இறுகப் பற்றிக் கடன் பத்திரங்களிலேயே பணத்தை வைத்தனர். போர்களால் விலைவாசி ஏறவும், அரசாங்க வரி மிகவும், பரிசின் மதிப்புத் தேய்ந்தது. 1923ஆம் ஆண்டில் அது 1,14,935 குரோனராகக் குறைந்தது. 1946ஆம் ஆண்டில் வரிவிலக்குப் பெற்று, 1953ஆம் ஆண்டில் கம்பெனிப் பங்குகளிலும் பணம் இட உரிமை பெற்ற பின்னரே நிதி தழைத்தது. 2023ஆம் ஆண்டில் ஒரு பரிசு 1 கோடியே 10 இலட்சம் குரோனர். எழுதுவோர் காலத்துப் பாதுகாப்பு, பேரன் காலத்துப் பாதுகாப்பாகாமற் போகலாம். பொறுப்பேற்போர் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள உயிலிலேயே இடம் வைத்தல் நன்று.

ராக்னார் சோல்மான் 1929 முதல் 1946 வரை அந்நிதியத்தின் நிருவாகத் தலைவராயிருந்து 1948ஆம் ஆண்டில் மறைந்தார். எம்மானுவேல் நோபெல், சிற்றப்பனாரின் பொருளை விட்டுக் கொடுத்துக் காத்த பாக்கூக் கம்பெனியை ருஷ்யப் புரட்சியில் இழந்தார். 1918ஆம் ஆண்டில் அந்நாட்டை விட்டு வெளியேறிச் சுவீடனுக்கு வந்து, சிற்றப்பனாரைப் போலவே மணம் புரியாதவராய், 1932ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமிற் காலமானார்.